பஞ்சு போன்ற புரதப் பேன்கேக்: வே மாவா, கிரீக் தயிரா, தவ்ஹுவா, உளுந்தா?

முதன்முதலாக வீட்டில் புரதப் பேன்கேக் சுட்ட அன்று அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். பிறகு அதைத் தட்டோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, "பல்லுக்கு முடியலய்யா" என்றார். அம்மாவுக்கு 71 வயது. மேல் வரிசை முழுக்கக் கட்டிய பல். அதே பேன்கேக்கை என் மகன் நாலே கடியில் முடித்துவிட்டு, "இதுல எத்தனை கிராம் புரோட்டீன்ப்பா?" என்று கேட்டான். அவனுக்கு 16 வயது. பள்ளிக் கால்பந்துக் குழுவில் ஆடுகிறான்.

அன்று நான் சுட்டது வே (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுப்பது) புரத மாவு, வாழைப்பழம், முட்டை மூன்றையும் அடித்து ஊற்றும் வகை. எண்ணிக்கையில் அதற்குக் குறையில்லை. ஆனால் ஆறியதும் செருப்பின் அடிப்பாகம் போல இழுத்தது. ஒரே அடுப்பில் இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற ஒன்றைச் சுட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அடுத்த சில மாதம் ஞாயிறுதோறும் வெவ்வேறு விதமாகச் சுட்டுப் பார்த்தேன். பினாங்கில் இருந்துகொண்டு, இங்கே கிடைக்கும் சாமானை வைத்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பேன்கேக்கை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் காலையில் மோட்டார் சைக்கிளில் இடியாப்பம் வரும். அம்மாவுக்கு அதுதான் உயிர். இரண்டு இடியாப்பம், தேங்காய்ப்பூ, கொஞ்சம் சீனி. மிருதுவாக இருக்கும், மெல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் புரதம் நாலைந்து கிராம்தான். இறைச்சியை அவரால் மெல்ல முடிவதில்லை, மீனில் முள் பயம். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உடல் எடையில் 1 கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். அம்மாவின் எடை 50 கிலோ. அப்படியென்றால் நாளுக்கு 50 முதல் 60 கிராம். காலையிலேயே 15 கிராம் உள்ளே போய்விட்டால் மீதி நாள் சுலபமாகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

மகனுக்கு நான் வைத்துக்கொண்ட இலக்கு காலையில் 25 கிராம். அம்மாவுக்கு 15. இரண்டும் மிருதுவாக இருக்க வேண்டும். செவ்வாய், வெள்ளியில் அம்மா முட்டை தொடமாட்டார், தைப்பூச விரத நாட்களிலும் அப்படித்தான். ஆகவே முட்டையில்லாத வழி ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

சாதாரண பேன்கேக்கிலேயே எவ்வளவு இருக்கிறது?

ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டுமல்லவா? கோதுமை மாவு 125 கிராம், முட்டை ஒன்று, பால் 180 மில்லி. மாவில் 12 கிராம், முட்டையில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, பாலில் 6 கிராம். மொத்தம் 25 கிராம் வரும். இதில் சிறிய பேன்கேக் எட்டு சுடலாம். ஒன்றுக்கு 3 கிராம். நான்கு சாப்பிட்டால் 12 கிராம். நான் நினைத்ததைவிட இது அதிகம்தான். ஆக, நாம் தேடுவது பெரிய மலையை இல்லை. அம்மாவுக்கு இன்னும் 3 கிராம், மகனுக்கு இன்னும் 13 கிராம், அவ்வளவுதான் இடைவெளி. இது தெரிந்த பிறகு மாவில் கண்டதையும் கொட்டும் அவசரம் எனக்குப் போய்விட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம்மூர்க் கடைகளில் 'தெப்போங் புரோட்டீன் திங்கி' என்று ஒரு கோதுமை மாவு கிடைக்கும். புரதம் அதிகம் என்று பெயரிலேயே போட்டிருப்பதால் பேன்கேக்குக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை வாங்கினேன். அது ரொட்டி சுடும் மாவு. 100 கிராமில் 12, 13 கிராம் புரதம் இருக்கும், சாதாரண மாவைவிட இரண்டு மூன்று கிராம்தான் கூடுதல். அந்தப் புரதமும் பிசையப் பிசைய இழுவையாகும் குளூட்டன். ரொட்டிச்சானாய்க்கு, அதாவது நம் பரோட்டாவுக்கு, விசிறி வீசும்போது அந்த இழுவை வேண்டும். பேன்கேக்கில் அது வந்தால் கெட்டது. சாதாரண மாவையே வாங்குங்கள்.

எழுவதும் இறுகுவதும்

பேன்கேக் பஞ்சாக இருக்க இரண்டு வேலை நடக்க வேண்டும். கலவைக்குள் வாயுக் குமிழ்கள் உண்டாக வேண்டும். அந்தக் குமிழ்கள் வெளியே ஓடிவிடுவதற்குள் அவற்றைச் சுற்றியுள்ள சுவர் வெந்து நிலைத்துவிட வேண்டும். குமிழைத் தருவது பேக்கிங் பவுடரோ, சோடாவோ, அடித்த முட்டை வெள்ளையோ, புளிப்போ. சுவரைத் தருவது மாவும் முட்டையும். புரதத்தைக் கூட்டும்போது நாம் கைவைப்பது இந்தச் சுவரில்தான்.

எத்தனையோ தடவை சுட்ட பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஏற்கனவே உறைந்துவிட்ட புரதம் வேறு, தோசைக்கல்லில் போய்த்தான் உறையப்போகிற புரதம் வேறு. வே மாவும் முட்டை வெள்ளையும் இரண்டாவது ரகம். சூடு பட்டதும் சுருண்டு, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. தவ்ஹு (சோயாப் பாலை உறையவைத்த கட்டி, டோஃபு), கிரீக் தயிர் (நீர் வடித்த கெட்டித் தயிர்), காட்டேஜ் சீஸ் (உதிரியான மென்மையான பாலாடைக்கட்டி), பன்னீர் எல்லாம் முதல் ரகம். உறைய வேண்டியது முன்பே உறைந்து, தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிறது. கல்லில் அது மேலும் இறுகுவது கொஞ்சம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள வழிகளில் எது எப்படி வரும் என்பதைச் சுடாமலே ஊகித்துவிடலாம்.

வே மாவு

30 கிராம் கொண்ட ஒரு கரண்டியில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். ஒரு முட்டையும் 40 கிராம் ஓட்ஸும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்தால் ஒருவருக்கு 36 கிராம் வரை போகும். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் இதில் குறையே இல்லை. ஆனால் வே புரதம் 70 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். கல்லின் சூடு அதைவிட மிக அதிகம். கொஞ்சம் கவனம் தப்பினால் ரப்பர்தான்.

அதை மிருதுவாக்க வழி இருக்கிறது. உலர்ந்த பொருள்களின் மொத்த எடையில் வே மாவு கால் பங்கைத் தாண்டக் கூடாது. கூடவே தயிர் போன்ற ஈரமான ஒன்று வேண்டும். தீ மிகக் குறைவாக இருக்க வேண்டும், சுட்ட உடனே சாப்பிட்டுவிட வேண்டும். இத்தனையும் செய்தால் நன்றாகவே வருகிறது. ஆனால் கால் பங்காகக் குறைத்த பிறகு அதைக் கலப்பதில் என்ன பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றியது. வே மாவு வீட்டில் இருந்தால் அதைக் குளிர்ந்த பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, பக்கத்தில் நல்ல மிருதுவான பேன்கேக்கை வைத்துச் சாப்பிடலாம். இப்போது மகன் அப்படித்தான் செய்கிறான். சூடாக்கினால் புரதம் செத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். புரதத்தின் வடிவம்தான் மாறுகிறது, அதில் உள்ள அமினோ அமிலங்கள் அப்படியே உடலுக்குக் கிடைக்கின்றன. இங்கே பிரச்சினை மெல்லுவதில் மட்டும்தான்.

பெட்டியில் வரும் புரதப் பேன்கேக் மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது ஓட்ஸ் மாவோடு இந்த வே மாவையே கலந்தது. வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை கூடுதல். அவசரத்துக்குச் சரி, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

முட்டை வெள்ளையை அடித்துச் சுடும் ஜப்பானிய வகை

உயரத்தில் இதற்கு ஈடே இல்லை. ஒருவருக்கு இரண்டு முட்டை, 30 கிராம் மாவு, இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் பால். வெள்ளையைத் தனியே பிரித்து, சீனி சேர்த்து, கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரைக்க அடித்து, மஞ்சள் கருக் கலவையில் மெதுவாக மடித்துச் சேர்க்க வேண்டும். லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) சாறு அரைத் தேக்கரண்டி விட்டால் நுரை சீக்கிரம் உடையாது. கிண்ணத்தில் எண்ணெய்ப் பசையோ மஞ்சள் கருவின் துளியோ இருந்தால் நுரை சரியாக வராது. கல்லில் உயரமாகக் குவித்து, ஓரத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு, மூடிபோட்டு, சிறு தீயில் பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது புரதக் கணக்கு. இரண்டு முட்டையில் 13, மாவில் 3, ஆக 16 கிராமும் கொஞ்சமும். வேறு எதையும் சேர்க்காமலே அம்மாவின் இலக்கைத் தொட்டுவிடுகிறது. அம்மாவும் பல்லே இல்லாமல் சாப்பிடலாம் என்றார். ஆனாலும் இதை நான் வாரந்தோறும் செய்வதில்லை. நாலு பேர் வீட்டில் ஒவ்வொன்றாகச் சுட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. முதலில் சுட்டது கடைசி ஆள் உட்காரும்போது பாதியாகச் சரிந்திருக்கிறது. பிறந்தநாள் காலையில் சுடுங்கள், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

கிரீக் தயிரும் காட்டேஜ் சீஸும்

பால் வழியில் போவதென்றால் இரண்டில் நான் தயிர்ப் பக்கம்.

கிரீக் தயிரில் 100 கிராமுக்கு 9 கிராம் அளவில் புரதம். 150 கிராம் தயிர், இரண்டு முட்டை, 100 கிராம் மாவு என்று போட்டால் 36 கிராம். இரண்டு பேருக்கு ஆளுக்கு 18. தயிரின் புளிப்புக்கு இன்னொரு பயன் உண்டு. கால் தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டால் அந்தப் புளிப்பில் உடனே பொங்குகிறது. கூட ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்தால் பேன்கேக் நன்றாக உப்பி, உள்ளே ஈரம் காயாமல் வருகிறது. சோடாவைக் கூட்டிவிடாதீர்கள். சோப்பு வாடை அடிக்கும், நிறமும் சட்டென்று கறுக்கும்.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'கிரீக் பாணி' என்று எழுதியவற்றில் சில, தண்ணீரை வடிக்காமல் மாவுச்சத்து சேர்த்துக் கெட்டியாக்கியவை. அவற்றில் 100 கிராமுக்கு 4, 5 கிராம்தான் இருக்கும். அதற்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கும் நல்ல மாட்டுப்பால் தயிரையே வெள்ளைத் துணியில் கட்டி, குளிர்பெட்டியில் ஒரு கிண்ணத்தின்மேல் இராத்திரி முழுக்கத் தொங்கவிடலாம். பாதியாகச் சுண்டி, புரதம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கீழே வடியும் மஞ்சள் நீரைக் கொட்டாதீர்கள். பேன்கேக் கலவை இறுக்கமாக இருந்தால் பாலுக்குப் பதில் அதையே ஊற்றலாம்.

காட்டேஜ் சீஸ் இணையமெங்கும் கொண்டாடப்படுகிறது. 200 கிராம் காட்டேஜ் சீஸ், 60 கிராம் ஓட்ஸ், இரண்டு முட்டை, மூன்றையும் மிக்சியில் அடித்தால் 43 கிராம் புரதம். தயிர் வகையைவிட அதிகம்தான். சுவையும் குறையில்லை, பாலாடை போல நாக்கில் கரைகிறது. ஆனால் எழவில்லை. ஓட்ஸில் சுவர் கட்டும் குளூட்டன் இல்லை, சீஸின் கனமும் கீழே அழுத்துகிறது. விலையும் இடிக்கிறது. இங்கே பெரிய பேரங்காடிகளில் மட்டும் இறக்குமதியாகக் கிடைக்கும் ஒரு சிறு டப்பாவின் காசுக்குப் பத்து முட்டைக்கு மேல் வாங்கலாம். பன்னீரை வைத்தும் பார்த்தேன். புரதம் 100 கிராமுக்கு 18 கிராமுக்கு மேல் இருந்தாலும், எவ்வளவு அடித்தாலும் மணல் மணலாக நின்றது. பன்னீர் குழம்பில் இருப்பதே நல்லது.

தவ்ஹு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டது இதுதான். ஆயர் ஈத்தாம் சந்தையில் காய்கறி வாங்கும்போது பக்கத்துக் கடையில் பலகை மேல் வெள்ளையாக அடுக்கியிருப்பார்கள். மிருதுவான தவ்ஹு இரண்டு கட்டி வாங்க ஒன்றிரண்டு வெள்ளி (ரிங்கிட்) போதும். குழம்புக்கும் சம்பலுக்கும் வாங்குவதை பேன்கேக்கில் போடலாம் என்று எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. ஜப்பானிய வீடுகளில் மென்மையான தவ்ஹுவை பேன்கேக் மாவில் பிசைந்து சுடுவது சர்வ சாதாரணம் என்று தெரிந்த பிறகுதான் செய்து பார்த்தேன்.

மிருதுவான தவ்ஹுவில் புரதம் 100 கிராமுக்கு 5, 6 கிராம்தான். பார்க்கக் குறைவு. ஆனால் இங்கே தவ்ஹு பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கலவையில் வேறு தண்ணீரே வேண்டியதில்லை என்பதால் 150 கிராம் வரை தாராளமாகப் போகிறது. எங்கள் அளவு இது: தவ்ஹு 150 கிராம், முட்டை இரண்டு, மாவு 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கணக்கு போட்டால் 31 கிராம். எட்டுப் பேன்கேக் வரும். அம்மா நான்கு சாப்பிட்டால் 15 கிராம் கைக்கு வந்துவிடுகிறது. மகனுக்கு நான்கும், பக்கத்தில் 250 மில்லி பாலும் வைத்தால் 23, 24 கிராம். மேலே இரண்டு தேக்கரண்டி பொடித்த வேர்க்கடலை தூவினால் 25ஐத் தாண்டிவிடும். மடித்த இனிப்பு அப்பமான அப்பம் பாலேக்கில் கடலை போடுவதில்லையா? அதே ருசி. அம்மாவுக்குப் போடும் கடலையை மட்டும் மாவாகவே அரைத்துவிடுவேன்.

செய்முறையில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். தவ்ஹுவைக் கழுவி, சல்லடையில் பத்து நிமிடம் வடியவிட வேண்டும். பிறகு முட்டையோடு சேர்த்து மிக்சியில் ஒரு கட்டியும் இல்லாமல் அடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் எவ்வளவு அடித்தாலும் பாதகமில்லை, மாவு இன்னும் உள்ளே போகவில்லை. மாவைச் சேர்த்த பிறகு மிக்சியைத் தொடக்கூடாது. கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டி, மாவின் வெண்மை மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், வேகும்போது கரைந்துவிடும். அவற்றை உடைக்கிறேன் என்று கலக்கினால் குளூட்டன் இழுத்துக்கொள்ளும்.

சோயா வாடை சிலருக்கு ஒத்துவராது. இரண்டு பாண்டான் (ரம்பை) இலையை நறுக்கி, ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரில் அரைத்துப் பிழிந்து விட்டால் வாடை போய்விடும், நிறமும் அழகாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பேரங்காடியில் நீளக் குழாய் போன்ற பையில் வரும் 'ஜப்பான் தவ்ஹு' பெரும்பாலும் முட்டை கலந்தது. மஞ்சளாக இருக்கும். விரத நாளில் ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம், இந்தத் தவ்ஹு வகையை நான் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று ஞாயிறு தட்டையாகவே வந்தது. தவ்ஹுவின் கனம்தான் காரணம் என்று நினைத்து அதைக் குறைத்தேன், மாவைக் கூட்டினேன், முட்டையைக் கூட்டினேன். முட்டை கூடியதும் அடை போன்ற ஆம்லெட்டாக வந்தது. நாலாவது ஞாயிறு அம்மா பேக்கிங் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "கட்டி தட்டிப்போயிருக்கே, இது எப்ப வாங்குனது?" என்று கேட்டார். ஒரு கிளாஸ் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி போட்டேன். சீறிப் பொங்க வேண்டியது, மேலே நாலைந்து குமிழ் விட்டுவிட்டு அடியில் வெள்ளை மண்ணாகப் படிந்தது. புதுப் பாக்கெட்டைப் பிரித்து அதே மாதிரி போட்டேன். கிளாஸின் விளிம்பு வரை நுரை ஏறியது. நம்மூர் ஈரக்காற்றில் மூடி சரியாக மூடாத டப்பா சில மாதத்திலேயே உயிரை விட்டுவிடும், போட்டிருக்கும் காலாவதித் தேதியை நம்பிப் பயனில்லை. சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள், மாதம் ஒருமுறை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

உளுந்து

வெள்ளிக்கிழமை கேள்விக்கு நான் ஓட்ஸ் பால், ஆளிவிதை, கடலை மாவு என்று எங்கெங்கோ தேடினேன். 100 கிராம் கடலை மாவில் புரதம் 22 கிராம், பாசிப்பயறில் 24 கிராம், இரண்டுமே நல்ல பண்டம். ஆனால் பாசிப்பயறு தோசைபோல மெல்லிசாகத்தான் வருகிறது, கடலை மாவு பச்சை வாடையோடு அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் கல்லில் ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்ப்பதை அம்மா இரண்டு வெள்ளிக்கிழமை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம், "உளுந்து இருக்கும்போது நீ ஏன்யா அல்லாடுற?" என்று அவரே ஊறப்போட்டார்.

முழு உளுந்து, தோல் நீக்கியது, ஒரு கப். இட்லி அரிசி ஒரு கப். வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இட்லிக்கு ஒன்றுக்கு நாலு என்று போடும் இடத்தில் இங்கே ஒன்றுக்கு ஒன்று. ஒரு கப் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால் உளுந்தில் 48 கிராம், அரிசியில் 14 கிராம், மொத்தம் 62 கிராம் புரதம். தடிமனாகப் பன்னிரண்டு சுடலாம், ஒன்றுக்கு 5 கிராம். மூன்று சாப்பிட்டால் 15. முட்டை இல்லை, பால் இல்லை, டப்பா எதுவும் இல்லை, ஆனால் தவ்ஹு வகையில் நான்கில் கிடைப்பது இதில் மூன்றிலேயே வந்துவிடுகிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்து தருகிறது, உளுந்தில் குறைவான மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசி தருகிறது.

பஞ்சுத்தன்மையிலும் உளுந்து மற்றப் பருப்புகளைப் போல இல்லை. அரைக்கும்போது வரும் அந்த வழவழப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பசைதான் இங்கே சுவர். இரவில் புளிக்கும்போது லியூகோனோஸ்டாக் என்னும் நுண்ணுயிர் விடும் கரியமில வாயுவை அது ஒன்றுவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பேக்கிங் பவுடரும் முட்டையும் சேர்ந்து செய்யும் வேலையை உளுந்து தனியாகச் செய்துவிடுகிறது.

அம்மா அரைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு மணி நேரம் ஊறிய உளுந்தை கிரைண்டரில் போட்டு, குளிர்பெட்டித் தண்ணீரைக் கையளவு கையளவாகத் தெளித்தார். மாவு சூடேறினால் பொங்காது என்பது அவருடைய கணக்கு. அரை மணி கழித்து, ஒரு சொட்டு மாவை விரல் நுனியில் எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். அது மூழ்காமல் பஞ்சு உருண்டையாக மிதந்தது. "இப்ப எடுக்கலாம்" என்றார். அரிசியைத் தனியே அரைத்து, உப்புப் போட்டு, கையாலேயே கலந்தார்.

நம்மூர் வெப்பத்தில் ஆறேழு மணி நேரம் போதும். இதை இரவு பத்து மணிக்கு மேல் கலந்து வைத்தால்தான் காலையில் சரியாக இருக்கும். மாலையிலேயே வைத்துவிட்டால் விடியும்போது பாத்திரத்தை விட்டு வழிந்து, இனிப்புக்கு ஒத்துவராத அளவுக்குப் புளித்திருக்கும். காலையில் சுடப்போகும் மாவை மட்டும் தனியே எடுத்து, துருவிய குலா மலாக்காவும் (தென்னை வெல்லம்) ஏலக்காயும் சேர்த்து, சிறிய தடித்த கல்லில் குவித்து ஊற்றி மூடிபோட வேண்டும். பரப்பக் கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமானதும் ஒரே ஒரு முறை திருப்பலாம். அம்மா திருப்புவதே இல்லை, ஆவியிலேயே மேலே வெந்துவிடும். பிய்த்தால் உள்ளே தேன்கூடு போலக் கண் கண்ணாக இருக்கிறது.

இது பேன்கேக்தானா என்று மகன் முதலில் சந்தேகப்பட்டான். கடைப் பேன்கேக்கின் வெண்ணெய் மணம் இதில் இல்லைதான். இலேசான புளிப்பு இருக்கும். புலாவ் தீக்குஸ் பக்கம் காலையில் கிடைக்கும் ஆப்பத்துக்கும் பேன்கேக்குக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கல்லும் தீயும்

எல்லா வழிக்கும் பொதுவாக ஒன்று. புரதம் கூடிய கலவை சீக்கிரம் சிவக்கும். வெளியே கறுத்து உள்ளே மாவாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். சாதாரண பேன்கேக்குக்கு வைக்கும் தீயைவிடக் குறைத்து வையுங்கள். ஒட்டாத கல்லில் எண்ணெயைத் துணியால் துடைத்த அளவு போதும். கலவையைப் பத்து நிமிடம் ஓய்வாக விட்டு, கால் கப் அளவு ஊற்றி, மேலே வரும் குமிழ்கள் உடைந்து அந்த ஓட்டை மூடிக்கொள்ளாமல் நிற்கும்போது திருப்புங்கள். திருப்பிய பிறகு கரண்டியால் அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்குத் தோசையிலிருந்து வந்தது. அதை மட்டும் விட்டுவிடுங்கள். அத்தனை நேரம் பாடுபட்டுப் பிடித்த காற்று அந்த ஓர் அழுத்தில் போய்விடும்.

யாருக்கு எது?

வீட்டில் வயதானவர்களோ பல் பிரச்சினை உள்ளவர்களோ இருந்தால், முட்டை சாப்பிடும் நாளில் தவ்ஹு. சந்தேகமே இல்லாமல் சொல்வேன். சோயா ஒவ்வாதவர்களுக்கு அதே இடத்தில் கிரீக் தயிர், சற்றுக் கூடச் செலவாகும், எழுவது இதைவிட ஒரு படி மேல். முட்டை இல்லாத நாளுக்கு உளுந்து. முந்தின நாளே நினைவு வைத்து ஊறப்போட முடிந்தால், முட்டை உள்ள நாளுக்கும் அதுவே நல்லது. உடற்பயிற்சி செய்கிற, நல்ல பல் இருக்கிற, காலையில் பத்து நிமிடம் மட்டுமே உள்ள ஒருவர் தனக்காக மட்டும் சுடுகிறார் என்றால் காட்டேஜ் சீஸ் வகை. ஒரே அடிப்பில் வேலை முடியும், ஆளுக்கு 43 கிராம். வே மாவு பாலில் இருக்கட்டும்.

வாரநாள் காலைக்கு ஞாயிறன்றே இரட்டிப்பாகச் சுட்டு வைக்கலாம். தவ்ஹு, தயிர் வகைகள் உறைபெட்டியில் நன்றாகத் தாங்குகின்றன. முழுக்க ஆறிய பிறகு, ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் பேக்கிங் தாள் வைத்து அடுக்குங்கள். எடுத்து நேராக டோஸ்டரில் போட்டால் வெளியே இலேசாக மொறுமொறுப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் வரும். அம்மாவுக்கு டோஸ்டர் வேண்டாம், இட்லிப் பானையில் மூன்று நிமிடம் ஆவி காட்டினால் புதிதாகச் சுட்டது போல இருக்கும். உளுந்து வகையைச் சுட்டு வைக்காதீர்கள், மறுநாள் வறண்டுவிடுகிறது. மாவாகக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். மூன்றாம் நாள் புளிப்பு ஏறியிருக்கும். அன்றைக்குக் குலா மலாக்காவை விட்டுவிட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு அதே தடிமனில் ஊற்றுகிறோம்.